ஓலீட்டாவின் சின்னத் துப்பாக்கி

மறைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கி என்று பேர்தான். எங்கள் ஹார்லன் கிரீக்கில் யாருடைய துப்பாக்கி உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் நான் நடத்துகிற காப்பிக் கடையில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவனுக்கு வலது இடுப்பில் இருக்கிறது. ஆர்கன்சாவின் ஆகஸ்ட் வெயிலில் சட்டைக்கு மேலே இன்னொரு சட்டை போட்டிருந்தால் அதற்கு வேறு காரணமே கிடையாது. எங்கள் பாதிரியார் கணுக்காலில் கட்டியிருப்பார். ஜெபத்துக்கு அவர் மண்டி போடும்போது கால்சட்டை மேலே ஏறிக்கொள்ளும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு அவர் மூடிக்கொள்வார், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

பேச்சும் அதைச் சுற்றித்தான். மூட்டுவலிக்காரர்கள் ஒன்று சேர்ந்தால் மருந்தைப் பற்றிப் பேசுவது மாதிரி இவர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். ஒருத்தனுக்கு வேர்வை பட்டுத் துரு ஏறிவிட்டது. ஒருத்தனுக்கு இடுப்பெலும்பில் காய்த்துப் போய்விட்டது. இன்னொருத்தன் துப்பாக்கிக்கும் சேர்த்து இரண்டு அளவு பெரிய கால்சட்டை வாங்கினான். துப்பாக்கியை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில் கால்சட்டை எங்கள் கடை வாசலிலேயே கழன்று விழுந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஹாய்ட் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பான். கோழித் தீவனமும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் விற்கிறவன் அவன். இந்த ஊர் இடுப்புகளில் இருப்பதில் முக்கால்வாசி அவன் கையால் கொடுத்தது.

ஓலீட்டாவின் துப்பாக்கியும் அவனிடம் வாங்கியதுதான்.

ஓலீட்டாவும் வெர்லினும் என் வீட்டுக்கு எதிர் வீடு. வெர்லின் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கம்பெனிக்காகக் கறிக்கோழி வளர்த்தான். வீட்டுக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீளமாக நான்கு கொட்டகைகள். விடிந்ததும் ஒவ்வொரு கொட்டகையிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து செத்த கோழிகளைப் பொறுக்கி வாளியில் போட வேண்டும். அந்தப் புழுதியும் எச்சத்தின் காரமும் சேர்ந்து கோழி வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் கண் சிவந்தே இருக்கும். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை அழுதிருக்கிறானா, கொட்டகையிலிருந்து வருகிறானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஓலீட்டாவுக்கு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மலைமேட்டில் ஒற்றை வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, புண்ணுக்குத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். ஆட்களைத் தூக்கித் தூக்கியே அவள் விரல் முட்டிகள் இஞ்சி மாதிரி வீங்கிப் போயிருந்தன. ஒருநாள் ஒரு வீட்டில் நோயாளியின் மருமகன், போதையில் இருந்தவன், வலி மாத்திரையைக் கேட்டு அவள் காரை மறித்துக்கொண்டு கதவைப் பிடித்து ஆட்டினான். அவள் காரைப் பின்பக்கமாகவே ஓட்டி, வேலியை இடித்துத் தள்ளிவிட்டுத் தப்பி வந்தாள். அன்றைக்கே வெர்லின் ஹாய்ட் கடைக்குப் போனான்.

அங்கேதான் எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் செய்கிற தப்பை அவனும் செய்தான். பெண்டாட்டிக்கு என்றால் சின்னதாக வாங்க வேண்டும், அதுதான் லேசாக இருக்கும் என்று நினைத்தான். இருப்பதிலேயே சின்னதை எடுத்து, முட்டை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, கல்யாண நாளுக்குக் கொண்டுவந்து நீட்டினான். விஷயம் நேர்மாறு. கைத்துப்பாக்கி சின்னதாக ஆக ஆக உள்ளே இருக்கிற சுருள்கம்பி விறைப்பாகிக்கொண்டே போகும். பிடிக்குள் செருகுகிற மேகசினில் குண்டுகள் இருந்தால் மட்டும் போதாது. மேல்பாகத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு மேலே ஏறும். அதுவரைக்கும் அது வெறும் இரும்பு. ஓலீட்டா இழுத்துப் பார்த்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள், மேசையில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். அசையவில்லை.

மாற்றிக் கொடுக்கிறேன் என்று ஹாய்ட் சொன்னான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "முட்டைப் பெட்டியில வெச்சு, அதுக்கு ஒரு ரிப்பனையும் கட்டிக் கொண்டாந்திருக்காரு, ஹாய்ட். இதப்போயி திருப்பிக் குடுக்கச் சொல்றியா?" என்றாள். வெர்லின் இழுத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

கடைக்கு முட்டை வாங்க நான் தினமும் விடியற்காலையில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். கம்பெனிக் கோழி முட்டை போடாது. ஓலீட்டா தனியாகக் கொஞ்சம் நாட்டுக்கோழி வைத்திருந்தாள். சமையலறை மேசையில் எனக்கும் ஒரு கோப்பை காப்பி இருக்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பழகிய பழக்கம், குண்டு ஏறிய துப்பாக்கி வீட்டுக்குள் இரவு தங்கக்கூடாது. சாயங்காலம் அவள் வந்ததும் வெர்லின் வாங்கிக் குண்டை எடுத்துவிட்டு குளிர்பெட்டிக்கு மேலே வைப்பான். காலையில் எடுத்து, மேசைக்கு எதிரில் நின்று, மேகசினைச் செருகுவான்: டக். இழுத்து விடுவான்: கர்ரக்.

"ரெடியா இருக்கு மகாராணி" என்பான்.

"பேச்சு போதும். கோழி செத்துக் கெடக்கும், போய்ப் பொறுக்கு" என்று வாங்கி இடுப்பில் உறைக்குள் செருகி, மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் கிளம்புவாள். பிள்ளைகள் பெரியவர்களாகி, மகள் ட்ரீவா கல்யாணமாகி லிட்டில் ராக் நகரத்துக்குப் போய், மகன் ராய்ஸ் தீவன லாரி ஓட்ட ஆரம்பித்து, அத்தனை வருஷமும் இதே டக், கர்ரக். சில புருஷன்மார் பெண்டாட்டிக்கு முத்தம் கொடுத்து அனுப்புவார்கள். இவன் இதைக் கொடுத்தான்.

பிறகு ராய்ஸ் போனான்.

ஏப்ரல் மழை. எங்கள் ஓடையின் குறுக்கே தாழ்வாக ஒரு பாலம் உண்டு. வெள்ளம் வந்தால் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். பார்த்தால் கணுக்கால் ஆழம் மாதிரி தெரியும், லாரியையே புரட்டிவிடும். அன்றைக்கு ஓலீட்டா போன் செய்து, பீன்ஸ் வெந்துவிட்டது, சோள ரொட்டி ஆறுகிறது, சீக்கிரம் வா என்று சொல்லியிருந்தாள். அவன் சுற்றுவழியில் வராமல் பாலத்து வழியாக வந்தான். தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் பீன்ஸ் வெந்து பார்க்கவில்லை.

ஓலீட்டா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வேலைக்குப் போனாள், வந்தாள், கோழிக்குத் தீனி போட்டாள். காப்பி ஊற்றினால் கோப்பை நிரம்பி வழிந்து மேசையில் ஓடினாலும் ஊற்றிக்கொண்டே இருப்பாள். வெர்லின் அவள் கையிலிருந்து கெட்டிலை வாங்கி வைப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். அவனும் மாறித்தான் போனான். முன்பு மேசைக்கு எதிரில் நின்று துப்பாக்கியைத் தயார் செய்தவன் இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்று செய்தான். சத்தம்கூட மாறியிருந்தது. முதலில் கர்ரக், அப்புறம் டக். எனக்குக் காதில் விழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் போய் ஏன் சத்தம் மாறிவிட்டது என்றா கேட்பது?

மே மாதக் கடைசியில் ஒரு வேலை நாளில், முற்பகல் நேரம், வெர்லின் என் கடைக்கு வந்தான். கோழி வளர்க்கிறவன் அந்த நேரத்தில் வெளியே தலைகாட்ட மாட்டான். சாலையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்தான். பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தில் ஒரு துண்டு கேட்டான், தொடவில்லை. ஓலீட்டாவின் சாம்பல் நிறக் கார் கடையைத் தாண்டிப் போனது. இவன் எழுந்து போய்த் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே போனான்.

அன்றையிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வளைவில் இவன் வண்டி நிற்கும். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டா வெர்லின், இந்த வயசுல பொண்டாட்டி மேல சந்தேகமா?" என்று ஹாய்ட் ஒருநாள் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான். "அவ போற வீட்டுல இருக்கிறவனுக்கெல்லாம் பல்லே கெடையாதுடா."

"பல்லு இல்லாதவனத்தான் நம்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். கடையே சிரித்தது.

எனக்கே பொறுக்காமல் ஓலீட்டாவிடம் கேட்டேன், இப்படி நிழல் மாதிரி பின்னால் வருகிறானே, உனக்கு எரிச்சலாக இல்லையா என்று. வரட்டும், அவருக்கும் மனசு ஆறணும் இல்லையா என்று முடித்துக்கொண்டாள். இன்னொன்றும் கவனித்தேன். காலையில் கிளம்பும்போது, வண்டிப்பாதை சாலையில் சேருகிற இடத்தில், தபால் பெட்டி பக்கம் காரை நிறுத்தி நிற்பாள். பின்னால் வருவது தெரிகிற கண்ணாடியைப் பார்ப்பாள். அப்புறம்தான் போவாள். "காலங்காத்தால உனக்கு எவன்டி லெட்டர் போடுறான்?" என்று கிண்டல் செய்தேன். ராய்ஸ் போன பிறகு அவள் உதடு சிரிப்பில் கொஞ்சம் அசைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்படியே வருஷங்கள் போயின. ஊரும் கேலி செய்து சலித்துப்போய், தபால்காரரைப் போல, பள்ளி பஸ்ஸைப் போல, அவள் காரையும் அவன் வண்டியையும் சேர்த்தே பார்க்கப் பழகிக்கொண்டது.

இந்த ஆகஸ்டில் வெயில் கொதித்தது. நிழலில் நின்றாலும் தரையிலிருந்து சூடு ஏறும். அந்த மாதிரி நாளில் கொட்டகையில் மின்விசிறி நின்றால் பெரிய கோழிகள் பிழைக்காது. விசிறி நின்றால் போனில் மணி அடிக்கும்படி வெர்லின் வைத்திருந்தான். ஆனால் அன்றைக்கு அவன் ஓலீட்டாவுக்குப் பின்னால் மலைமேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான். அங்கே போன் எடுக்காது. மணி அவனை எட்டி, அவன் பறந்து வந்து சேர்ந்தபோது மூன்றாவது கொட்டகையில் கோழிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. உள்ளே ஓடி, கதவுகளைத் திறந்து, உயிர் இருக்கிறதை வாரி வாரி வெளியே போட்டிருக்கிறான். தீவன லாரிக்காரன் வந்து பார்த்தபோது கோழிகளுக்கு நடுவில் அவனும் விழுந்து கிடந்தான். நெஞ்சு நின்றுவிட்டது.

ஓலீட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்திலும் மீசையிலும் ஒட்டியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். எங்களால் அவளைத் தூக்க முடியவில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்துக் கூடத்தில் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் ஆரம்பித்தார். வீட்டில் இருந்திருந்தால் கோழியும் பிழைத்திருக்கும், அவனும் பிழைத்திருப்பான், பெண்டாட்டி பின்னால் சுற்றியே போய்ச் சேர்ந்தான் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஓலீட்டா கையில் தட்டோடு அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ட்ரீவா நல்ல பெண். அப்பாவைப் போலவே வேலைக்கு அஞ்சாதவள். புருஷனோடு ஊருக்கே வந்துவிடுகிறேன், கொட்டகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்றாள். அவளுக்குத் தவழ்கிற குழந்தை ஒன்று இருந்தது. அங்கேதான் முட்டிக்கொண்டது. வெர்லின் கடைசியாக இழுத்துக் கொடுத்த துப்பாக்கி அப்படியே ஓலீட்டா இடுப்பில் இருந்தது. பகலில் இடுப்பில், இரவில் தலையணைக்குப் பக்கத்தில். குண்டு ஏறியிருக்கிறது, அதை வெளியே எடுக்க அவள் கைக்குச் சக்தி கிடையாது. வேறு யாரையும் தொட விடவும் மாட்டாள்.

"நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பா, அத்தை" என்று ட்ரீவா என்னிடம் வந்தாள். "பாப்பா கைக்கு எட்டினதையெல்லாம் இழுக்குது. குண்டேறின துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குள்ள நான் எப்படி அதக் கொண்டு வருவேன்? அதத் தெறந்து குண்ட எடுக்கிற வரைக்கும் வரமாட்டேன். அப்புறம்..." என்று நிறுத்தினாள். அவள் சொல்லாமல் விட்டது எனக்கும் தெரியும். மகனும் போய், புருஷனும் போய், ஒரு பெண் தனி வீட்டில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். எனக்கும் ராத்தூக்கம் கிடையாது.

போனேன். ஓலீட்டா வெளித்தாழ்வாரத்தில் காராமணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த விரல்களால் ஒரு நெற்றைப் பிளக்க அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. பிடுங்கி உரித்தாலோ கோபம் வரும். வெயில், விலைவாசி, கோழிக்கம்பெனி என்று சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தேன்.

"இது அவரு கடைசியாத் தொட்டு வெச்சது, மேவிஸ்" என்றாள். "நான் போறப்ப சிங்க்குகிட்ட நின்னு பண்ணிக் குடுத்தாரு. அது அப்படியே இருக்கட்டும். யாரும் தெறக்க வேண்டாம்."

என் கண்ணீர் காராமணிக் கிண்ணத்தில் விழுந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து ட்ரீவா ஹாய்ட்டைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். குழந்தையைப் புருஷனோடு காரிலேயே விட்டுவிட்டு வந்தாள். சமையலறையில் நாங்கள் நான்கு பேர். ஹாய்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். ட்ரீவா கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். ஓலீட்டா அசையவில்லை. வெளியே வெயிலில் காருக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. முதலில் சிணுங்கல். அப்புறம் மூச்சுப் பிடித்து அழ ஆரம்பித்தது. ஓலீட்டா ஜன்னலைப் பார்த்தாள். மேலங்கியைத் தூக்கி, துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தெற" என்றாள். "தெறந்துட்டு ஒண்ணும் பேசக் கூடாது, ஹாய்ட்."

ஹாய்ட் மேகசினை உருவினான். நிறையக் குண்டு இருந்தது. தரையைப் பார்க்கப் பிடித்து மேல்பாகத்தை இழுத்தான். உள்ளே ஏறியிருக்கிற குண்டு துள்ளி வெளியே விழ வேண்டும். ஒன்றும் விழவில்லை. குனிந்து பார்த்தான், சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான்.

"காலி" என்றான். பேசக் கூடாது என்று சொன்னது அவனுக்கு மறந்துபோயிற்று. "ஏறவே இல்ல. மேகசினப் போடுறதுக்கு முன்னாடியே இழுத்திருக்கான். முன்ன பின்ன மாத்திப் பண்ணியிருக்கான் பாவம். வயசு, துக்கம் எல்லாம் சேந்து..."

கர்ரக், டக். ஒருநாள் தப்பு இல்லை. ராய்ஸ் போனதிலிருந்து நான் காதால் கேட்டது.

ட்ரீவாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத்தன நாளு வெறும் இரும்ப வெச்சுக்கிட்டா நீ அந்தக் காட்டு வீட்டுக்கெல்லாம் போன? வேலைய விட்டுட்டு உம் பின்னால சுத்தத் தெரிஞ்சுது அவருக்கு. ஊரே கைகொட்டிச் சிரிச்சுது. ஒரு குண்ட ஒழுங்காப் போட்டுக் குடுக்கத் தெரியல. அப்பா இப்படி இருப்பாருன்னு..."

"உங்கப்பாவ ஒரு வார்த்த சொல்லாத" என்றாள் ஓலீட்டா.

சத்தமே போடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"அவரு மறக்கல. வேணும்னுதான் காலியா வெச்சாரு. எனக்குத் தெரியும்."

ஹாய்ட் மேகசினை மேசைமேல் வைத்தான்.

"ராய்ஸ் போனப்புறம், ஒரு நாளு, வேலைக்குப் போற வழியில அந்தப் பாலத்துக்கிட்ட கார நிறுத்துனேன். தண்ணி ஒண்ணுமே இல்ல, கல்லுக்கு நடுவுல ஓடிட்டிருந்துச்சு. இவ்வளவு தண்ணியிலயா எம்புள்ள போனான்னு பாத்தேன். பீன்ஸ் ஆறுதுன்னு நாந்தான கூப்புட்டேன். துப்பாக்கிய எடுத்து எம்மேலயே வெச்சுக்கிட்டேன். அமுக்குனேன். டிக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

ட்ரீவா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பத்தான் வெளங்குச்சு. மறுபடி இழுத்தாத்தான் குண்டு ஏறும். இழுத்துப் பாத்தேன். இந்தக் கையால எங்க இழுக்கிறது? இழுத்து இழுத்துப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அவரு இந்தக் கைய நம்பித்தான் செஞ்சிருக்காரு. துப்பாக்கிய எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தா, இவரு என்னை நம்பலன்னு எனக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். அதனால தெனமும் ரெடின்னு குடுத்தாரு. நான் ஓடையில முகம் கழுவிட்டு வேலைக்குப் போனேன். மேட்டு வீட்டு அம்மா குளிக்காம காத்துக்கிட்டிருந்துச்சு."

மேசைமேல் இருந்த கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இத நான் அவருகிட்ட சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அன்னைக்கே அவரு நெஞ்சு நின்னிருக்கும். காலித் துப்பாக்கியோட அனுப்புறோமேன்னு மனசு கேக்காம அவரே பின்னால வர ஆரம்பிச்சாரு. வரட்டும்னு விட்டேன். பாலத்துக்கிட்ட நான் செஞ்சது ஒண்ணாவது அவருக்குத் தெரியாமப் போச்சேன்னு அடக்கத்தன்னைக்கு நெனச்சுக்கிட்டேன். இதத் தெறந்தா நீங்க அவரத்தான் கொறை சொல்லுவீங்க. அதுக்குத்தான் வேண்டாம்னேன்."

ஹாய்ட் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஓலீட்டா" என்றான். "அன்னைக்கு சாயங்காலம் இத அவன் கையில குடுத்தியா?"

"தெனமும் குடுக்கிறதுதான."

"அப்படியேவா?"

"அப்படியேதான். எதுக்குக் கேக்கிற?"

"ஒண்ணுமில்ல, விடும்மா."

"ஹாய்ட். சொல்லு."

அவன் சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாரால் பொய் சொல்ல முடியும்? காலித் துப்பாக்கியைத் தரையைப் பார்க்கப் பிடித்து விசையை அமுக்கினான். டிக். விரலை எடுத்தான். விசை திரும்பி வரவில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டே நின்றது.

"இந்த ரகம் இப்படித்தான்" என்றான். "ஒருதரம் அமுக்கிட்டா விசை பின்னாலயே நின்னுடும். மறுபடி மேல்பாகத்த இழுத்து விட்டாத்தான் முன்னால வரும். நீ இழுக்கல. காலையில அவன் குடுத்தப்ப முன்னால இருந்தது, சாயங்காலம் பின்னால இருந்திருக்கும். வெர்லின் கையில வாங்குன ஒடனே பாத்திருப்பான்."

ஓலீட்டா அந்த விசையையே பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். அவளுக்குள் எதுவோ திரும்பிப் போய்த் தேடுவது முகத்தில் தெரிந்தது.

"தூசி இருக்குன்னாரு" என்றாள். "அன்னைக்கு சாயங்காலம். கையில வாங்கிட்டு அங்க சிங்க்குகிட்ட திரும்பி நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. கொஞ்சம் தூசியா இருக்கு, தொடச்சுட்டு வரேன்னு பின்பக்கம் போனாரு. சாப்பாடு ஆறிப்போச்சு, வரல. வந்தப்ப கண்ணு செவந்திருந்துச்சு. என்னன்னு கேட்டேன். கோழிப் புழுதின்னாரு. ஆமா, இன்னைக்குப் புழுதி ஜாஸ்திதான்னு நானும் சொன்னேன்."

என் பக்கம் திரும்பினாள். "மறுநாளுதான், மேவிஸ், அவரு எம் பின்னால வர ஆரம்பிச்சாரு. மறுநாளுதான் உங்கடையில வந்து உக்காந்தாரு."

ஆமாம். பீச் பை. தொடாத பீச் பை.

அப்போதுதான் அவள் அழுதாள். ராய்ஸுக்கு அழாதது, வெர்லினுக்கு அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். ட்ரீவா மண்டி போட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சற்றுமுன் வரைக்கும் துப்பாக்கி இருந்த இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவளும் அழுதாள். ஹாய்ட் துப்பாக்கியையும் மேகசினையும் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. அவன் கோழி வளர்க்கிறவன் இல்லை. கொஞ்ச நேரத்தில் ட்ரீவாவின் புருஷன் வியர்த்து வழிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். யாரும் தடுக்கவில்லை. குழந்தை ஓலீட்டாவின் மடியில் ஏறி, மேலங்கிப் பைக்குள் கையை விட்டு ஒரு வெள்ளை இறகை எடுத்து வாயில் வைக்கப் போனது. அவள் அழுகைக்கு நடுவிலேயே அந்த வீங்கிய விரல்களால் அதை மெல்லப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல முட்டைக்குப் போனேன். வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்டது. ட்ரீவாவின் புருஷன் வெர்லினின் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு நாள் லீவு போடேன் என்று ட்ரீவா சொல்லியிருக்கிறாள். மேட்டு வீட்டு அம்மாவை யார் குளிப்பாட்டுவார்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். ஓலீட்டா என் கையில் முட்டையைக் கொடுத்துவிட்டு, காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். பழக்கத்தில் குளிர்பெட்டிக்கு மேலே பார்த்தாள். மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

நான் என் வீட்டு வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். வெர்லினின் வண்டி வால்நட் மரத்தடியில் நின்றது, கண்ணாடி மேலெல்லாம் சருகு. ஓலீட்டாவின் கார் வண்டிப்பாதையில் இறங்கி, தபால் பெட்டி பக்கம் போய் நின்றது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷன் கொட்டகையிலிருந்து வந்து, பூட்ஸைத் தட்டிவிட்டு, வண்டியில் ஏறிக் கிளப்புகிற நேரம் வரைக்கும் நின்றாள். அப்புறம் போனாள்.